நெடுந்தீவுத் தவளைகளும் அலோ அண்ணையின் கடிபட்ட காலும்

நான் வரைந்த தவளை பிழை என்று ஒரு ஆசிரியை தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வகுப்பறைச் சுவர்களில் தொங்கவிடும் படங்கள் வரைவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அச்சகம் அவற்றை அச்சிடுகிறது. குளத்து உயிர்களைப் பற்றிய ஒரு படத்தில் இரண்டு தவளைகளை அருகருகே போட்டிருந்தேன். ஒன்று பெரிய பச்சைத் தவளை. மற்றது அதன் நெருங்கிய உறவுக்காரன், தண்ணீரின் மேற்பரப்பிலேயே தத்தித் தத்தி ஓடுகிற சின்னத் தவளை. இந்தக் கட்டுரைக்காக அதைத் தத்துத் தவளை என்கிறேன்.

"நீங்கள் தத்துத் தவளை எண்டு கீறியிருக்கிறது பச்சைத் தவளையின்ர குட்டி" என்றார் ஆசிரியை. "நான் நெடுந்தீவில படிப்பிச்சனான். அங்க ரெண்டும் ஒரே குளத்தில இருக்கு. ஒருக்கால் போய்ப் பாருங்கோ."

இணையத்தில் தேடினேன். ஒரே படத்துக்கு இரண்டு பெயர், ஒரே பெயருக்கு நாலு படம். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள்தான், இருந்தது. எனவே தைப்பொங்கல் முடிந்து அடுத்த வியாழக்கிழமை, தனியாகவே புறப்பட்டேன். மழை ஓய்ந்து குளங்கள் நிரம்பியிருக்கும் காலம் அது. இந்த இரண்டு வகையையும் பகலிலேயே பார்க்கலாம் என்பது இன்னொரு வசதி.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காலை 6.40க்குக் குறிகட்டுவான் பேருந்து. கட்டணம் நூற்றெழுபது ரூபா. பண்ணைப் பாலம் கடந்து மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று ஓடி 8.05க்கு இறங்குதுறையில் விட்டது. நயினாதீவுக்குப் போகிறவர்களின் வரிசை நீளமாக இருக்கும். அதில் மாறிப்போய் நின்றுவிடாதீர்கள். நெடுந்தீவுப் படகு அதற்கு அப்பால் நின்றது. எனக்குக் கிடைத்தது தனியார் படகு, முந்நூறு ரூபா.

ஏறும்போதே படகோட்டி சத்தமாகச் சொன்னார்: "இண்டைக்குக் காத்து. திரும்புற ஆக்கள் ரெண்டரைக்குத் துறையில நிக்கவேணும். பிந்தினா நாளைக்குத்தான். நாளைக்கும் சொல்லேலாது."

வாடைக்காற்று உண்மையிலேயே பலமாக இருந்தது. கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் கமராப் பையை மடியில் வைத்து, அதற்குமேல் குனிந்தபடியே ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் கழித்தேன். நெடுந்தீவில் கால் வைத்தபோது மணி 9.40. என் கையில் ஐந்து மணித்தியாலம்கூட இல்லை. அந்தக் கணக்கு நாள் முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

ஆசிரியை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ஓட்டோக்காரர் துறையில் நின்றார். பெயர் அலோசியஸ். தீவில் எல்லாருக்கும் அலோ அண்ணை. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, உயரமான ஆள். முழுநாளுக்கு நாலாயிரம் ரூபா, மத்தியானச் சாப்பாடு அவருடைய வீட்டில் என்று பேச்சு.

"கோட்டை, குதிரை, பெருக்கு மரம், எது முதல்?" என்று கேட்டார். தீவைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள் அவை.

"ஒண்டும் வேண்டாம் அண்ணை. தவளை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தவளை பாக்கவோ கடல் கடந்து வந்தனீங்கள்?" பிறகு சிரித்துக்கொண்டே ஓட்டோவைக் கிளப்பினார்.

துறையிலிருந்து தெற்கே ஏழு கிலோமீற்றர். கடைசி ஒரு கிலோமீற்றர் பாதையே இல்லை, சுண்ணாம்புக் கல்லும் பள்ளமும்தான். குளம் பெரிதல்ல, ஒரு பாடசாலை மைதானத்தில் பாதி இருக்கும். ஒரு பக்கம் புல், மறுபக்கம் இடிந்து சரிந்த கல்வேலி. தண்ணீர் தெளிவாக இருந்தது. 10.15க்கு நான் கரையில் குந்தினேன்.

உங்களில் யாரும் இதற்காகவே போவதாக இருந்தால், முதல் இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். நாம் போனவுடன் எல்லாம் மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு சோடிக் கண்ணாக மேலே வரும். பிடிக்கவோ தொடவோ வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டு உயிர்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதுவுமில்லாமல் தேவையும் இல்லை.

முதலில் வந்தது பச்சைத் தவளை. கையளவு இருந்தது. வாழைக்குருத்தின் பச்சை. முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடு. தோல் வழவழவென்று, எண்ணெய் பூசியது போல. அது நீர்ப்பாசியைக் கடித்து இழுத்ததைக் கண்ணால் கண்டேன். தவளை என்றால் பூச்சி மட்டும்தான் தின்னும் என்று நினைத்திருந்த எனக்கு அது புதினம். தத்துத் தவளை அதில் பாதி அளவுகூட இல்லை. மண்ணிறமும் சாம்பலும் கலந்த முதுகு, அதில் கரும்புள்ளிகள், தோல் முழுக்கச் சிறு சிறு பருக்கள். தண்ணீரில் கால்களை விரித்து, கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதந்தது. நான் கையை அசைத்ததும் தண்ணீரின் மேலேயே நாலைந்து தடவை தத்தி, தட்டையான கல்லை எறிந்தது போல அக்கரைக்குப் போனது.

வளர்ந்த இரண்டையும் பிரிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. சிக்கல் கல்வேலிப் பக்கத்தில் இருந்தது. அங்கே பெருவிரல் அளவில் பத்துப் பன்னிரண்டு சின்னத் தவளைகள். பச்சையும் மண்ணிறமும் கலந்த நிறம், முதுகில் கறுப்புத் திட்டுகள். என் படத்தில் நான் வரைந்திருந்தது அச்சாக இதைத்தான். இவை தத்துத் தவளைகளா, பச்சைத் தவளையின் குட்டிகளா?

அப்போது தண்ணீரில் ஒரு கோடு நெளிந்து வந்தது. சதுரம் சதுரமாகக் கறுப்புக் கட்டங்கள் போட்ட பாம்பு. புல்லோரம் இருந்த ஒரு தத்துத் தவளையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. நான் மளமளவென்று படம் எடுத்தேன்.

"தண்ணிப்பாம்பு. ஒண்டும் செய்யாது" என்றார் அலோ அண்ணை. எனக்கும் அது தெரியும். அதையும் முன்பு ஒரு படத்தில் வரைந்திருக்கிறேன்.

மணி 11.30 ஆகிவிட்டது. அந்தச் சின்னத் தவளைகள் என் கமராவுக்கு எட்டவில்லை. "உங்களுக்கு என்ன தெரியவேணும்?" என்று கேட்டார் அலோ அண்ணை. கலைத்தால் அவை தண்ணீரின் மேலே தத்துகின்றனவா, நேரே மூழ்குகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றேன். "உது பெரிய வேலையே?" என்றவர், செருப்பை ஓட்டோவுக்குள் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, குளத்தைச் சுற்றிக் கல்வேலிப் பக்கம் போனார். வெறுங்காலோடு போகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

அவர் சரிந்த கற்களின்மேல் காலை வைத்தார். "ஆ" என்றார். சத்தமாகக்கூட இல்லை. குனிந்து கணுக்காலைப் பார்த்தார். கல்லுக்குள் ஏதோ சரசரத்ததை நானும் கேட்டேன்.

"என்ன அண்ணை?"

"ஏதோ கொத்திப்போட்டுது போல."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே இரண்டு சின்னப் புள்ளிகள். துளி இரத்தம். அவ்வளவுதான். கண்முன்னே ஒரு தண்ணிப்பாம்பு திரிந்த குளம். என் வாய் உடனே சொன்னது: "அந்தத் தண்ணிப்பாம்புதான் அண்ணை. பயப்பிடாதேங்கோ."

"ஓம், அதுவாத்தான் இருக்கும்" என்றார் அவர். குளத்துத் தண்ணீரில் காலைக் கழுவினார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை யோசித்தேன். "நிக்கட்டே, போவமே?" என்று அவர் கேட்டார். நான் மணியைப் பார்த்தேன். "ஒரு பத்து நிமிசம் அண்ணை" என்றேன். கடிபட்ட காலோடு அந்த மனிதர் எனக்காகத் தண்ணீருக்குள் இறங்கி, தவளைகளைக் கலைத்துவிட்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சின்னத் தவளைகளில் ஒன்றுகூடத் தண்ணீரின் மேல் தத்தவில்லை. எல்லாம் நேரே மூழ்கின. மூன்றாம் முறை இரண்டு தவளைகள் என் பக்கக் கரைக்கே வந்து ஏறின. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு வழவழப்பு, ஒரு பருக்கூட இல்லை. நடுவில் வெளிறிய கோடு. பச்சைத் தவளையின் குட்டிகள். ஆசிரியை சொன்னது சரி. நான் துள்ளாத குறையாகச் சந்தோஷப்பட்டேன். திரும்பிப் பார்த்தபோது அலோ அண்ணை ஓட்டோவின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்திருந்தார்.

"கொஞ்சம் கடுக்குது" என்றார்.

அப்போது 12.05. அவரே ஓட்டோவை ஓட்டினார். வீடு வர இருபது நிமிடம். அவருடைய மனைவி றெஜினா அக்கா வாசலிலேயே அவர் நொண்டுவதைக் கண்டுவிட்டார். கணுக்கால் இப்போது வீங்கி, கடிவாய் கருநீலமாகியிருந்தது. அந்தப் புள்ளிகளிலிருந்து இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"என்ன கடிச்சது?"

"தண்ணிப்பாம்பு" என்றார் அலோ அண்ணை. "நீர் சோத்தைப் போடும். ரெண்டரைப் படகுக்கு இவவைக் கொண்டுபோய் விடவேணும்."

"கண்டனீங்களோ?"

அவர் குனிந்து காலைப் பார்த்தார். றெஜினா அக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா. ஆனா அந்தக் குளத்தில ஒரு தண்ணிப்பாம்பு நிண்டது."

"குளத்தில நிண்டது கிடக்கட்டும். இவரைக் கடிச்சது குளத்திலயோ, கல்லுக்குள்ளயோ?"

"கல்லுக்குள்ள."

"கல்லுக்குள்ள கிடந்ததை நீங்கள் காணேல்லை. அப்ப ஏன் தண்ணிப்பாம்பெண்டு சொன்னனீங்கள்?"

அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எழும்புங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்றார். அலோ அண்ணை சாவியை எடுத்தார். "நீங்கள் ஓடேலாது. காலை அசைக்காமல் பின்னுக்கு இருங்கோ" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு றெஜினா அக்காவே ஓட்டோவை ஓட்ட ஏறினார். நான் பின்னால் இருந்து அந்தக் கால் ஆடாமல் என் மடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அந்தக் கால் சூடாக இருந்தது.

தீவின் ஆசுப்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். நான் அவசரமாகக் கமராவை நீட்டி, தண்ணிப்பாம்பின் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். "இது நீங்கள் முதல் கண்ட பாம்பு. கடிச்ச பாம்பு இல்லை" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார். கடிநேரம் கேட்டார். 11.35 என்றேன். இப்போது 12.50 என்று எழுதினார். இடையில் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிறுத்தினார். "இருவது நிமிசம் ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது. இரத்தம் உறைஞ்சால் நல்லது" என்றார்.

இருபது நிமிடம். றெஜினா அக்கா செபமாலையை எடுத்தார். ஆனால் உதடு அசையவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கமராவில் அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கல்வேலிப் பக்கம் எடுத்த ஏதாவது ஒன்றில் ஒரு வால், ஒரு நிறம், ஏதாவது விழுந்திருக்காதா? நூற்றுச்சொச்சம் படங்கள். எல்லாவற்றிலும் தவளைதான். மூன்றில் அலோ அண்ணையின் வெறுங்கால்.

வைத்தியர் குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீரைப் போல ஓடியது.

"யாழ்ப்பாணம் அனுப்பவேணும். இப்பவே" என்றார்.

சேலைன் ஏற்றினார்கள். அவசரப் படகுக்குத் தொலைபேசி போனது. காற்று கூடிவிட்டதால் வருமோ வராதோ என்று பத்து நிமிடம் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு வருகிறது என்றார்கள். 1.55க்குத் துறையை விட்டோம். படகோட்டி, ஒரு தாதி, அலோ அண்ணை, றெஜினா அக்கா, நான். காலையில் பின்னாலிருந்து தள்ளிய காற்று இப்போது முகத்தில் அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் படகு எழும்பி விழ, தாதி சேலைன் போத்தலை ஒரு கையால் உயர்த்தி, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிக் கடலில் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். "ஏன் குறைக்கிறீங்கள்?" என்று றெஜினா அக்கா கத்தினார். "இந்த அலைக்கு ஓடினா கவிழ்ப்பன் அக்கா" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அலோ அண்ணை துப்பினார். எச்சிலில் சிவப்பு. பல்முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. றெஜினா அக்கா அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலைப்பை மடித்துக்கொண்டார்.

"தங்கச்சி" என்று கூப்பிட்டார் அலோ அண்ணை. "உங்கட தவளை சரிவந்ததோ?"

"அண்ணை, கதைக்காதேங்கோ."

"சொல்லுங்கோ. மூண்டு தரம் இறங்கினனான்."

"சரிவந்தது. சின்னது எல்லாம் பச்சைத் தவளையின்ர குட்டியள்."

"ம்" என்று கண்ணை மூடினார். அதற்கு மேல் கரை வரும்வரை பேசவில்லை. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படகு ஆடியதால் அதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

3.10க்குக் குறிகட்டுவான். அம்புலன்ஸ் நின்றது. காலையில் எண்பத்தைந்து நிமிடம் எடுத்த பாதையை அது ஐம்பது நிமிடத்தில் ஓடியது. யாழ்ப்பாணத்தில் விஷமுறி மருந்து ஏற்றத் தொடங்கியதும் எங்களை வெளியே அனுப்பினார்கள். அது ஏறும்போது சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று தாதி சொன்னார். அலோ அண்ணைக்கும் குளிர்நடுக்கம் வந்து, நிறுத்தி, மருந்து கொடுத்து, மறுபடி தொடங்கினார்கள். றெஜினா அக்காவும் நானும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் இருக்கும் அளவு இடம். தேநீர் வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது றெஜினா அக்காவே வாசலுக்கு வந்து சொன்னார்: "இரத்தம் உறைஞ்சிட்டுதாம்." சொன்னதும் சுவரில் சாய்ந்து, முதல்நாள் அழாத அழுகையை அழுதார். நான் கிட்டப் போகவில்லை.

அலோ அண்ணை நாலாம் நாள் வீட்டுக்குப் போனார். என்ன பாம்பு என்று கடைசிவரை யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கல்லுக்குள் கிடந்தது, சின்னக் கடி, இரத்தம் உறையாமை என்பவற்றை வைத்துச் சுருட்டை விரியனாக இருக்கலாம் என்றார் யாழ்ப்பாணத்து வைத்தியர். "இருக்கலாம்" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். நான் குளக்கரையில் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசி நல்ல காலம். காலை 10 முதல் 12 வரை தவளைகள் நன்றாகத் தெரியும். வளர்ந்தவற்றை அளவாலும் நிறத்தாலும் பிரிக்கலாம். குட்டிகளில் நிறத்தை நம்பாதீர்கள், முதுகுத் தோலைப் பாருங்கள். பருவென்றால் தத்துத் தவளை, வழவழப்பும் நடுக்கோடும் என்றால் பச்சை. பாய்ச்சல் ஒரு துணைச் சாட்சிதான். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கணுக்காலை மூடுகிற சப்பாத்து போடுங்கள், உங்களோடு வருகிறவரும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சரிந்த கல்வேலியில் ஏறாதீர்கள். கடித்தால், என்ன பாம்பு என்று விவாதிக்காமல், வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் நேரே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். வீக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பார்க்காத ஒன்றுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், என்னைப் போல, வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அலோ அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். றெஜினா அக்காதான் எடுத்தார்.

"அவர் ஓட்டோ ஓடப் போயிட்டார். கால் நல்லம். உங்களில அவருக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார்.

"உங்களுக்கு, அக்கா?"

அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"எனக்கு இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார். பிறகு, வைத்துவிடுவாரோ என்று நான் நினைத்த நேரத்தில், "நீங்கள் இடைக்கிடை போன் எடுங்கோ. எடுக்காமல் விட்டிடாதேங்கோ" என்றார்.